தேக்கு ஸ்டூலும் உப்புத் தண்ணீரும்: எங்கள் வீட்டுக் குளியலறை அனுபவம்

குளியலறைக்குள் மரச்சாமான் வைக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வைக்கலாம். ஆனால் அது தேக்காக இருக்க வேண்டும், அதிலும் வைரம் (மரத்தின் உள்ளே முதிர்ந்த, நிறம் ஏறிய பகுதி) பாய்ந்த தேக்காக இருக்க வேண்டும். மேலே பளபளக்கும் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. வேலூரில் காகிதப்பட்டறைப் பக்கம் இருக்கும் ஒரு மரப் பட்டறையில் நான் குளியல் ஸ்டூல் ஒன்றும், காலடியில் போடும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) பலகை ஒன்றும், சோப்பு வைக்கும் சுவர்த் தட்டு ஒன்றும் செய்து வாங்கினேன். அவற்றைப் பற்றியும், ஆண்டுக்கு ஒரு முறை அதே பட்டறை எடுத்துப் போய்ச் செய்து தரும் பராமரிப்பு வேலையைப் பற்றியும் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசாரி கேட்டுக்கொண்டார். இருக்கும் வேலைக்கே ஆள் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதை மதிக்கிறேன்.

நான் வேலூரில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எலும்பு முறிவு வார்டில் நெடுங்காலம் இருந்தேன். இடுப்பெலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் வரும் பெரியவர்களிடம் எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால், "பாத்ரூமில்தான், சிஸ்டர்" என்ற பதில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. அதனால் முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அத்தை வீட்டுக்கு வந்தபோது, அவர் எதில் உட்கார்ந்து குளிப்பது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் ஈர டைல்ஸ் மீது காலை அகட்டும். எண்பதைத் தாண்டியவர் ஒரு பக்கமாகக் கையூன்றி எழும்போது அது நகர்ந்து கொடுக்கும். மடக்கும் ஸ்டீல் நாற்காலி உறுதியானதுதான். மார்கழிக் காலையில் அதில் உட்கார அத்தை மறுத்துவிட்டார். வெற்றுடம்போடு சில்லென்ற உலோகத்தில் உட்காரச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. மரம் தொட்டால் சுடாது, குளிராது. கனம் இருப்பதால் வைத்த இடத்தில் நிற்கும். இந்த இரண்டும் போதும் என்று மரத்துக்குப் போனேன்.

பட்டறையில் முதலில் பேசியது எந்தத் தேக்கு என்பதைப் பற்றித்தான். 'பர்மா தேக்கு' என்ற பெயரை மரக்கடைகளில் தாராளமாகச் சொல்வார்கள். மியான்மர் அரசு உருட்டு மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. இன்று நமக்கு வரும் இறக்குமதித் தேக்கில் கானா, ஈக்வடார், பனாமா போன்ற நாடுகளின் தோட்ட மரமும் கணிசமாக இருக்கிறது. தோட்ட மரம் என்பதாலேயே அது மட்டம் என்று சொல்லிவிட முடியாது. 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கானலி நிலம்பூரில் போட்ட தோட்டத்தின் மரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் இளம் வயதில் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. தேக்கைப் பூஞ்சையிடமிருந்தும் கரையானிடமிருந்தும் காப்பாற்றும் இயற்கைப் பொருள்கள் வைரத்தில்தான் இருக்கின்றன. ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதி மற்ற மரங்களைப் போலவே ஈரத்தில் உளுத்துப் போகும். கூடத்து நாற்காலியில் ஒரு விரல் அகலம் வெள்ளை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். குளியலறைச் சாமானில் அது துளியும் இருக்கக் கூடாது. ஆர்டர் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டிய முதல் நிபந்தனை இதுதான்.

ஆசாரி புது மரம் வேண்டாம் என்றார். வாலாஜாபேட்டையில் இடித்த ஒரு பழைய வீட்டின் நிலைக்கால் அவரிடம் இருந்தது. அழுக்கும் பல கோட் பெயிண்டுமாகப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத கட்டை. அதைப் பட்டறை மேசையில் போட்டு இழைப்புளியை நீளமாக ஒரு தள்ளுத் தள்ளினார். பெயிண்ட் சுருண்டு விழ, அடியில் தேன் நிறத்தில் மரம் வந்தது. அடுத்த சுருளைக் கையில் எடுத்து, "முகர்ந்து பாருங்கள், சிஸ்டர்" என்று நீட்டினார். பதப்படுத்திய தோலின் வாசனை. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுருளை விரல்களுக்கிடையில் தேய்த்தால் மெழுகு தொட்டதுபோல் ஒரு வழவழப்பு ஒட்டியது. இழைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பரவாமல் முத்தாக நின்றது. இத்தனை காலம் வெயிலிலும் மழையிலும் வாசலில் நின்ற மரத்துக்குள் அந்த எண்ணெய்ப்பசை அப்படியே இருக்கிறது என்பதை என் விரலே எனக்குச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நான் வேறு கட்டையைப் பார்க்கவில்லை.

பழைய மரத்தில் ஒரு சங்கடம் ஆணி. எங்கள் ஸ்டூலின் ஒரு காலில் இப்போதும் ஒரு பழைய ஆணித் துளை இருக்கிறது. கட்டையால் அடைத்துச் சமன் செய்திருக்கிறார்கள். அந்தத் துளையைச் சுற்றி மிளகளவு கறுப்பு வளையம் ஒன்று மரத்துக்குள் ஊறி நிற்கிறது. கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை காய்ச்சினார்களே, அதே வேதிவினைதான் இங்கும் நடக்கிறது. மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பு. ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதனிட்ட பழைய ஆட்களுக்கும் இது தெரியும். ஈரத் தோல் மீது இரும்பு படவிட மாட்டார்கள். எனவே குளியலறைச் சாமானில் சாதாரண இரும்பு ஸ்குரூவோ ஆணியோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்தப் பட்டறையில் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ மட்டும் போட்டார்கள். பித்தளையும் ஆகும். கால்களும் சட்டமும் சேரும் இடத்தில் ஸ்குரூவை நம்பாமல் துளையும் அதில் நுழையும் கழுந்துமாகச் செதுக்கிப் பொருத்தினார்கள். பசை தடவுவதற்கு முன் கழுந்தைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்ததைப் பார்த்தேன். தேக்கின் எண்ணெய்ப்பசை மேலே இருந்தால் பசை பிடிக்காதாம். தண்ணீர் தாங்கும் பசையைத்தான் பயன்படுத்தினார்கள். அத்தை எந்தப் பக்கம் கையூன்றி எழுந்தாலும் அந்த மூட்டுகள் இதுவரை ஒரு கிரீச் சத்தம்கூடக் கொடுத்ததில்லை.

உட்காரும் பலகை ஒரே தகடாக இல்லை. ஐந்து ரீப்பர்கள், நடுவில் 6 மில்லிமீட்டர் இடைவெளி. தண்ணீர் தேங்காமல் விழுவதற்கு மட்டும் அல்ல, மரம் மூச்சு விடவும் அந்த இடைவெளி வேண்டும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது மரம் சற்றுச் சுருங்கும், ஐப்பசி மழையில் சற்று உப்பும். நெருக்கி அடித்திருந்தால் ரீப்பர் ஒன்றையொன்று தள்ளி வளைந்துவிடும். விளிம்புகளை நன்றாக உருட்டி விட்டிருக்கிறார்கள். முதியவர்களின் தோல் மெல்லியது. கூர் விளிம்பு ஒரு முறை அழுத்தினாலே கன்றிப் போகும். இதைச் சொன்னதும் ஆசாரி தம் உள்ளங்கையை விளிம்பில் அழுத்தி ஓட்டிப் பார்த்து, மறுபடியும் உப்புத்தாள் போட்டார். உயரம் 18 அங்குலம். அத்தை நிற்கும்போது முட்டியின் பின் மடிப்பிலிருந்து தரை வரை அளந்து கொடுத்ததால் வந்த கணக்கு அது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்டூல்களின் உயரம் எல்லோருக்கும் ஒத்துவராது. குட்டையான ஸ்டூலிலிருந்து எழுவது முட்டி அறுவை செய்தவர்களுக்குத் தண்டனை.

குறை என்று எனக்குப் பட்டது காலடி ரப்பர். முதலில் கிண்ணம்போல் மாட்டும் ரப்பர் புஷ் போட்டுக் கொடுத்தார்கள். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது ரேகை, அதாவது மரத்தின் நார், குறுக்கே வெட்டுப்பட்ட முனையில்தான். கால்களின் அடிப்பாகம் முழுக்க அந்த முனை. அதற்குக் கிண்ணத்தில் தண்ணீரும் ஊற்றி வைத்தால் என்ன ஆகும்? சில வாரங்களில் புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே சோப்பு நீர் கூழாக நின்றது, மரம் அங்கே மட்டும் கறுத்திருந்தது. பட்டறைக்குச் சொன்னேன். மறுப்புச் சொல்லாமல் எடுத்துப் போனார்கள். கறுத்த பகுதியைச் சீவி, நன்றாகக் காயவிட்டு, முனையில் தண்ணீர் புகாத எபாக்ஸி பசை தடவி, தட்டையான ரப்பர் வட்டை ஒரு ஸ்குரூவால் பிடித்துக் கொடுத்தார்கள். இப்போது தண்ணீர் தங்க இடமே இல்லை. வழுக்காத பிடியும் இருக்கிறது. நீங்கள் எங்கு வாங்கினாலும் ஸ்டூலைக் கவிழ்த்துக் காலடியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனிப் பராமரிப்பு. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். பாலாறு பெரும்பாலும் வறண்டு கிடப்பதால் பல வீடுகளில் குளிக்கிற தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் வருகிறது. வாளியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியும் அந்த உப்பு தேக்கின் மீதும் படியும். தேக்கைப் பற்றி எழுதும் பலரும் தண்ணீரைப் பற்றியே பயமுறுத்துகிறார்கள். நான் பார்த்த வரையில் வைரத் தேக்கைத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை. காயாமல் தங்கும் ஈரமும், அதோடு சேரும் சோப்புப் படிவும் உப்பும்தான் அதைக் கெடுக்கின்றன. குளித்து முடித்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றி, பழைய பருத்தி வேட்டித் துண்டால் துடைத்து, ஸ்டூலைச் சுவரோரம் சற்றுச் சாய்த்து வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டால் அன்றாட வேலை முடிந்தது. ஜன்னல் சிறியதாக இருக்கும் வீடுகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடட்டும். காலடிப் பலகையை மட்டும் கட்டாயம் தூக்கி நிமிர்த்தி வைக்க வேண்டும். அடியில் இருட்டும் ஈரமும் சேரும் இடம் அது.

வாரம் ஒரு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள், மென்மையான நைலான் பிரஷ், ரேகை ஓடும் திசையிலேயே தேய்ப்பு. குறுக்கே தேய்த்தால் ரேகைக்கு நடுவிலுள்ள மென்மையான பகுதி பறிந்து, மேடும் பள்ளமுமாகி, அந்தப் பள்ளங்களில் அழுக்கு குடியேறும். ரீப்பர் இடுக்குகளுக்கு ஒரு துணி நாடாவை நுழைத்து இழுக்கலாம். கடைசியாக அலசுவதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் பிடித்து வைத்தது இருந்தால் அதையே ஒரு குவளை ஊற்றுவேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசினால் கழுவிய உப்பு திரும்ப வந்து உட்காரும். ஏற்கெனவே வெள்ளை படிந்துவிட்டதென்றால் வினிகர் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துச் சில நிமிடம் போட்டு வைத்துத் தேய்த்தால் போய்விடும். எலுமிச்சைச் சாறும் அதையே செய்யும். எதுவானாலும் பிறகு தண்ணீர் விட்டு நன்றாக அலச வேண்டும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் மட்டும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் மரத்தில் மாட்டிக்கொண்டு, முன்னே சொன்ன அந்த மையை ஊரெல்லாம் புள்ளியாக வைத்துவிடும்.

கறுப்புப் புள்ளி வந்தால் அது பூஞ்சையா இரும்புக் கறையா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. நான் செய்வது இது: மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை 3 சதவீத அளவுக்கு வரும்படி தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு அந்தப் புள்ளியில் வைத்துக் காத்திருப்பேன். பூஞ்சையாக இருந்தால் வெளிறிவிடும். இரும்புக் கறை அசையாது. அதற்கு ஆக்சாலிக் அமிலம் வேண்டும். அது நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, அதன் தூளை முகர்ந்துவிடக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாங்கி வைக்கவே கூடாது. அதை ஆசாரியிடம் விட்டுவிடுங்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. சுவர்த் தட்டின் மீது ஷேவிங் கிரீம் டப்பாவின் துருப்பிடித்த அடி வட்டமாகப் பதிந்திருந்ததை, பட்டறையில் வெந்நீரில் அந்த அமிலத்தைக் கரைத்துத் தடவி, காத்திருந்து, பல முறை அலசி எடுத்துக் கொடுத்தார்கள். கறை இருந்த இடம் இன்று எது என்று காட்டச் சொன்னால் எனக்கே தெரியாது.

டைல்ஸ் கழுவும் ஆசிட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரங்காபுரத்தில் இருக்கும் என் தங்கையும் என்னைப் பார்த்து இதே பட்டறையில் ஒரு ஸ்டூல் செய்துகொண்டாள். அவள் வீட்டில் தரை கழுவ வந்த ஆள் ஸ்டூலை வெளியே எடுக்காமலே ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார். கால்களின் கீழ்ப்பகுதி நிறம் செத்து வெளிறி, நார் நாராகப் பிசிறு எழும்பிவிட்டது. உப்புத்தாள் போட்டுக் கீழே இருந்து நல்ல மரத்தை எடுக்க வேண்டியதாயிற்று. மரம் போனால் போகட்டும், உயிரைப் பாருங்கள். ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடரையும் தூவுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறைக்குள் அதைச் சுவாசித்து, கண்ணில் நீர் வழிய, இருமியே களைத்துப் போய் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே அறையில் எடுக்காதீர்கள்.

பாலிஷ் பற்றி என் முடிவு உறுதியானது. காட்பாடியில் மகன் வீட்டு வாஷ்பேசினுக்குக் கீழே உள்ள தேக்குக் கதவுகளுக்கு ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வந்து கண்ணாடி மாதிரி பாலியூரிதேன் பூசிக் கொடுத்தார்கள். அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் கைப்பிடிக்குக் கீழே பூச்சு கொப்பளித்து, நகத்தால் கிள்ளினால் உரிந்து வந்தது. காரணம் எளிது. மேலே படலமாக நிற்கும் எந்தப் பூச்சிலும் ஒரு கீறல் விழும். அதன் வழியே ஈரம் உள்ளே போகும். போன ஈரம் வெளியே வர வழியில்லை. மெலமைன் பாலிஷுக்கும் இதே கதைதான். அரக்கு கரைத்த ஸ்பிரிட் பாலிஷ் என்றால் தண்ணீர் நின்ற இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இவை சரி. தண்ணீர் விழும் இடத்துக்குச் சரிப்பட்டு வராது.

அப்படியென்றால் எண்ணெய் போடலாமா என்பது அடுத்த கேள்வி. இதில் நானும் ஆசாரியும் கொஞ்சம் வாதாடினோம். கடைகளில் தேக்கு எண்ணெய் என்று விற்பது பெரும்பாலும் தேக்கிலிருந்து எடுத்தது இல்லை. ஆளி விதை எண்ணெயோ டங் எண்ணெயோ, அதோடு கரைப்பானும் வார்னிஷும் சேர்ந்த கலவை. ஆளி விதை எண்ணெய் காற்றில் காய்ந்து இறுகும் வகை. அதனால்தான் மரத்துக்கு ஆகிறது. தேங்காய் எண்ணெய் அப்படிக் காயாது. என் சித்தி, வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிடு, கதவுக்கெல்லாம் அப்படித்தானே செய்தோம் என்றார். கதவுக்குச் செய்யலாம். உட்கார்ந்து குளிக்கும் பலகையில் பிசுக்காக நிற்கும் எண்ணெயும், மேலே சோப்புத் தண்ணீரும் சேர்ந்தால் பெரியவர்கள் வழுக்கி விழுவதற்கு வேறெதுவும் வேண்டாம். ஆளி விதை எண்ணெயிலும் எனக்கு ஒரு மறுப்பு இருந்தது. எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் அந்த எண்ணெயே பூஞ்சைக்கு உணவாகிறது. ஆசாரி சொன்னார்: "எண்ணெய் போட்டால் நிறம் எடுப்பாக இருக்கும், சிஸ்டர். சும்மா விட்டால் வெளிறித் தெரியும். நாளைக்கு என் வேலை சரியில்லை என்று நீங்கள் சொல்லக் கூடாது." நான் சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்தேன். ஸ்டூலும் காலடிப் பலகையும் எண்ணெய் இல்லாமல் வெறும் மரமாக இருக்கின்றன. தண்ணீர் நேராக விழாத சுவர்த் தட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய். வெறும் மரம் கொஞ்சம் வெளிறித்தான் போயிருக்கிறது. ஆனால் ஈரக் காலை வைத்தால் நன்றாகப் பிடிக்கிறது. அத்தை அதில் உட்காரும்போது நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே நிற்க வேண்டியதில்லை. நிறத்தைவிட எனக்கு அது பெரிது.

வீட்டிலேயே எண்ணெய் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகிறது. சுருண்ட துணிக்குள் சூடு வெளியேறாமல் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். பட்டறையில் அந்தத் துணிகளை விரித்துக் கம்பியில் தனித்தனியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் இந்த ஆட்களை நம்பலாம் என்று தோன்றியது.

ஆண்டுப் பராமரிப்பில் அவர்கள் செய்வது அதிகம் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. எடுத்துப் போய்க் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிடுகிறார்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைக்காதீர்கள். ஈர மரம் திடீர் வெயிலில் காய்ந்தால் முனைகளில் வெடிப்பு விடும். காய்ந்த பிறகு 180, 220 எண் உப்புத்தாள்களால் கையாலேயே, ரேகையோடு, பிசிறு மட்டும் போகும் அளவுக்குத் தேய்க்கிறார்கள். மிஷின் போடுவதில்லை. மிஷின் போட்டால் ஒரே நாளில் புதுச் சாமான்போல் ஆகிவிடும். ஆண்டுதோறும் அப்படிச் செய்தால் ரீப்பர் பப்படமாக மெலிந்துவிடும். ஸ்குரூக்களை இறுக்கி, மூட்டுகளைப் பார்த்து, தட்டுக்கு எண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்து எடுக்கிறார்கள். துடைக்காமல் விட்ட எண்ணெய்தான் பிறகு பிசுபிசுக்கும். மூன்று சாமான்களுக்கும் சேர்த்து 700 ரூபாய் வாங்கினார்கள். நியாயமான கூலி. செய்து வாங்கியபோது ஸ்டூலுக்கு 4,800 ரூபாய், காலடிப் பலகைக்கு 2,600, சுவர்த் தட்டுக்கு 1,900 கொடுத்தேன். பிளாஸ்டிக் விலையோடு ஒப்பிட்டால் அதிகம்தான். மூட்டு வலியுள்ள பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் நான் தயங்காமல் கொடுக்கச் சொல்வேன்.

நேரம் தவறுவது இவர்களிடம் உள்ள உண்மையான குறை. சொன்ன தேதிக்குச் சாமான் வராது. முகூர்த்த மாதங்களில் கட்டிலும் பீரோவும் செய்கிற அவசரத்தில் நம் ஸ்டூல் மூலைக்குப் போய்விடும். போனில் கேட்டால், "நாளைக்கு வந்துவிடும், சிஸ்டர்" என்பார்கள். பராமரிப்புக்கு எடுத்துப் போகும்போது மாற்று ஸ்டூல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து மட்டுமே குளிக்க முடிகிறவர்களுக்கு அந்த இடைப்பட்ட நாள்கள் சிரமம். இதை அவர்கள் சரிசெய்தால் இந்தப் பட்டறையில் சொல்வதற்குக் குறை எதுவும் இருக்காது.

இன்னும் ஒன்று. தேக்கு எல்லா வீட்டுக் குளியலறைக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். ஜன்னலும் இல்லாமல் எக்ஸாஸ்ட் ஃபேனும் இல்லாமல் நாள் முழுவதும் ஈரம் சொட்டும் அறையில் எந்த மரத்தையும் வைக்காதீர்கள். ஆறாத புண்ணோ தொற்றோ உள்ளவர் பயன்படுத்தும் ஸ்டூலாக இருந்தால் கிருமிநாசினி ஊற்றிக் கழுவக்கூடிய ஸ்டீல்தான் சரி. மரத்தின் நுண்துளைகளை அந்த அளவுக்குச் சுத்தம் செய்ய முடியாது. பலர் வந்து போகும் விடுதி அறைகளுக்கும் அப்படியே.

செய்யக் கொடுப்பதானாலும் பராமரிப்புக்குக் கொடுப்பதானாலும் ஆவணி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மரமும் காயாது, தட்டுக்குப் போட்ட எண்ணெயும் காயாது, பட்டறையிலிருந்து திரும்பி வர இன்னும் தாமதமாகும். போகும்போது பெரியவரின் முட்டி உயரத்தை அங்குலத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.